டெல்லியில எங்க தங்குறது? பஹார்கஞ்ச், கரோல் பாக், மஹிபால்பூர்: ஏரியா ரிவ்யூ

டெல்லி போறேன், எங்க ரூம் போடலாம்னு யாராச்சும் கேட்டா நம்மாளுங்க உடனே ஒரு ஹோட்டல் பேரைத் தூக்கிக் குடுத்துருவாங்க, "நல்லாருக்கும், கண்ண மூடிட்டு புக் பண்ணு"ன்னு. அவரு போனது கல்யாணத்துக்கு, நீங்க போறது விசா வேலைக்கு, ரெண்டுக்கும் ஒரே ஹோட்டல் எப்படி சரியா வரும்? டெல்லி சைஸுக்கு தப்பான மூலையில ரூம் போட்டுட்டா எவ்ளோ நல்ல ரூமா இருந்தாலும் பாதி நாள் ஆட்டோலயும் டிராஃபிக்லயும் போயிரும். அதனால ஹோட்டல் ஹோட்டலா எழுதாம ஏரியா ஏரியாவா எழுதுறேன். பட்ஜெட் நம்ம சாதாரண ஃபேமிலி பட்ஜெட்தான், ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து ஐநூறுலேருந்து மூவாயிரத்து ஐநூறுக்குள்ள. அதுக்கு மேல செலவு பண்ற ஆளா இருந்தா இதப் படிக்க வேணாம், ஏர்போர்ட் பக்கத்துல பெரிய ஹோட்டலுங்க இருக்குற ஏரோசிட்டியில போய் நிம்மதியா படுங்க.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன். ரூம் போட்டோவ அப்புறம் பாருங்க, மேப்புல அந்த ஹோட்டல்லேருந்து மெட்ரோ ஸ்டேஷன் கேட்டு வரைக்கும் நடக்க எவ்ளோ நேரம்னு பாருங்க. பத்து நிமிஷத்துக்குள்ளன்னா யோசிக்கலாம், அதுக்கு மேலன்னா விட்ருங்க. "மெட்ரோவுக்கு பக்கம்"னு எல்லாருமே போட்டுக்குறாங்க, அத நம்பாதீங்க. டெல்லியில மே ஜூன்ல வெயில் நாப்பத்தஞ்ச தொடும், ஜனவரியில காலையில எதுக்க வர்ற ஆள் தெரியாத பனி, ரெண்டுலயுமே அம்மா அப்பாவ கூட்டிட்டு ஒரு கிலோமீட்டர் நடக்குறது விளையாட்டு இல்ல. மெட்ரோவுக்குள்ள போயிட்டா ஏசி, முதல் பெட்டி முழுக்க லேடீஸுக்கு, அறிவிப்பு ஹிந்தி இங்கிலீஷ் ரெண்டுலயும் வரும், ஹிந்தி ஒரு வார்த்தை தெரியலன்னாலும் ஊரையே சுத்தி வந்துரலாம்.

சரி, பஹார்கஞ்ச். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல போய் நியூ டெல்லி ஸ்டேஷன்ல இறங்குற முக்கால்வாசி பேர் கண்ணுல முதல்ல படுறது இதுதான். ஒன்னாம் பிளாட்ஃபாரம் பக்கம் வெளிய வந்து ரோட்ட தாண்டுனா மெயின் பஜார் ஆரம்பிச்சிரும், அது நேரா மேற்கால போயி ஆர்.கே.ஆஷ்ரம் மார்க் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் முடியும். வடக்கால அராகஷான் ரோடுன்னு ஒன்னு இருக்கு, அங்கயும் சுவத்துக்கு சுவர் ஹோட்டல்தான். ரேட்டு டெல்லியிலயே கம்மி. தனியா போற பசங்களுக்கு, ஒரு ராத்திரி படுத்துட்டு காலையில ரிஷிகேஷோ மணாலியோ பஸ் ஏறுற கோஷ்டிக்கு இது ஓகே. சீதாராம் திவான்சந்த் கடையில சோலே பட்டூரே சாப்பிடுறதுக்காகவே ஒரு தடவை அந்தப் பக்கம் போலாம், பட்டூராவுக்குள்ள பனீர் வச்சு தருவான், காலையில சாப்பிட்டா மத்தியானம் பசிக்காது.

ஆனா ஃபேமிலியோட தங்க பஹார்கஞ்ச் எனக்கு சுத்தமா செட் ஆகல. சந்து குறுகல், பைக், இ-ரிக்‌ஷா, மாடு, டிராலி இழுக்குற வெள்ளக்காரன் எல்லாம் ஒரே நேரத்துல அந்த சந்துக்குள்ள, ஹார்ன் சத்தம் ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நிக்காது. ஆப்புல படம் பாத்து நாங்க போட்ட ரூம்ல படத்துல பெரிய ஸ்கிரீன் தொங்குச்சு, ஆஹா ஜன்னல் இருக்குன்னு நெனச்சோம், நேர்ல போய் ஸ்கிரீன விலக்குனா பின்னாடி வெறும் சுவரு. சுவத்துக்கு போய் எதுக்குய்யா ஸ்கிரீன்! ரிசப்ஷன்ல கேட்டா "ஏசி ரூம்ல விண்டோ எதுக்கு சார்"னு ரொம்ப கூலா கேக்குறான். இந்த ஜன்னல் இல்லாத ரூம் பஹார்கஞ்ச்ல மட்டும் இல்ல, டெல்லி பட்ஜெட் ஹோட்டல் பாதியில இதான் கதை, ஏன்னா ஒரு சின்ன மனையில ஒட்டி ஒட்டி அஞ்சு மாடி கட்டியிருப்பாங்க, நடுவுல இருக்குற ரூமுக்கு வெளிச்சம் வர வழியே கிடையாது. அதனால புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு "பாஹர் வாலி கிட்கி ஹை க்யா?"ன்னு கேளுங்க, வெளிப்பக்கம் பாத்த ஜன்னல் இருக்கான்னு அர்த்தம். வெறுமனே ஜன்னல் இருக்கான்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவான், தொறந்தா காத்தும் வராத வெளிச்சமும் வராத ஒரு பொந்து இருக்கும்.

இன்னொன்னு, அந்த ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற புரோக்கருங்க. இவனுங்க டெக்னிக் வருஷக்கணக்கா மாறவே இல்ல. "உங்க ஹோட்டல் இருக்குற ரோட்டுல கலாட்டா, மூடிட்டாங்க", "உங்க புக்கிங் கேன்சல் ஆயிடுச்சு, வாங்க கவர்மென்ட் டூரிஸ்ட் ஆபீஸ்ல செக் பண்ணித் தரேன்", இப்படித்தான் ஆரம்பிப்பான். ஹோட்டலுக்கு போன் பண்ணித் தரேன்னு அவன் போன்லயே அவன் ஆளுக்கு கால் போட்டு பேச வைப்பான், நல்லா கவனிங்க, உங்க போன்ல நீங்களே நம்பர் அடிச்சு பேசுனா இந்த டிராமாவே நடக்காது. யார்கிட்டயும் நிக்காம ப்ரீபெய்டு ஆட்டோ பூத்துக்கோ மெட்ரோவுக்கோ நேரா போயிட்டே இருங்க. மெட்ரோ பஹார்கஞ்ச் பக்கம் இல்ல, அஜ்மேரி கேட் பக்கம், அதாவது பதினாறாம் பிளாட்ஃபாரம் இருக்குற பக்கம். ஒன்னாம் நம்பர் பக்கம் வெளிய வந்துட்டு மெட்ரோவத் தேடுனா லக்கேஜோட பாலம் ஏறி அத்தன பிளாட்ஃபாரத்தையும் தாண்டணும்.

இப்ப என்னோட சாய்ஸ், கரோல் பாக். நியூ டெல்லி ஸ்டேஷன்லேருந்து மஞ்சள் லைன்ல ஒரே ஸ்டாப், ராஜீவ் சௌக். அங்க இறங்கி நீல லைன் மாறுனா ஆர்.கே.ஆஷ்ரம், ஜண்டேவாலான், கரோல் பாக், அவ்ளோதான். ராஜீவ் சௌக்ல சாயங்காலம் ஆபீஸ் விடுற நேரத்துல மட்டும் மாறாதீங்க, நம்ம தாம்பரம் லோக்கல்ல தொங்குன ஆளுங்களே மெரண்டுருவாங்க. ராஜீவ் சௌக் தாண்டுனதும் ரயில் மேல ஏறிரும், ஜண்டேவாலான் தாண்டுனதும் ஜன்னல் வழியா பெரிய ஆஞ்சநேயர் சிலை தெரியும், 108 அடி, வாண்டுங்க இருந்தா முன்னாடியே சொல்லி வச்சிருங்க, இல்லன்னா தாண்டுனப்புறம் அழுவாங்க. அந்த ஆஞ்சநேயரப் பாத்தா பைய எடுத்து தோள்ல மாட்டிக்கலாம், அடுத்து கரோல் பாக்தான்.

ஹோட்டலுங்க ஸ்டேஷன சுத்தி குருத்வாரா ரோடு, சரஸ்வதி மார்க், பத்தம் சிங் ரோடு, ஆர்யா சமாஜ் ரோடுன்னு சந்து சந்தா இருக்கு. பஹார்கஞ்ச விட ரூம் கொஞ்சம் பெருசு, ரோடு கொஞ்சம் அகலம், வாசல் வரைக்கும் கார் வரும். ரேட் ஒரு ஐநூறு எழுநூறு கூட இருக்கும், அந்தக் காசு குடுக்கலாம்னுதான் சொல்லுவேன். ராத்திரி ஒன்பது பத்து மணி வரைக்கும் கடைத்தெருவுல பொம்பளைங்க புள்ளைங்கன்னு கூட்டம் இருந்துட்டே இருக்கும், நடந்து வர பயமா இருக்காது. அஜ்மல் கான் ரோட்டுல வண்டிய நிறுத்தி நடைபாதை ஆக்கிட்டாங்க, அங்க ரோஷன் தி குல்ஃபியில ஃபலூதா குல்ஃபி சாப்பிட்டுட்டு பெட்ஷீட், ஸ்வெட்டர், கல்யாண லெஹங்கா எல்லாம் பேரம் பேசிட்டே நடக்கலாம். திங்கக்கிழமை கடை லீவு, ஷாப்பிங் பிளான் இருந்தா அந்த நாள வேற எதுக்காச்சும் வச்சுக்கோங்க. ஆனா பாருங்க, திங்கக்கிழமை செங்கோட்டையும் லீவு, அக்‌ஷர்தாமும் லீவு, லோட்டஸ் டெம்பிளும் லீவு. வெள்ளிக்கிழமை ஆக்ராவுல தாஜ்மஹால் லீவு. டிக்கெட் போடுறப்பவே இந்த ரெண்டு நாளையும் கவனிங்க, திங்கக்கிழமைய குதுப் மினாருக்கு வச்சுட்டா ஒரு பிரச்சனையும் இல்ல.

கரோல் பாக்லேருந்து அக்‌ஷர்தாம் போக லைனே மாற வேணாம், அதே நீல லைன்ல நேரா. ஒன்னே ஒன்னு, யமுனா பேங்க்ல அந்த லைன் ரெண்டாப் பிரியும், ஒன்னு நொய்டா பக்கம், ஒன்னு வைஷாலி பக்கம். அக்‌ஷர்தாம் நொய்டா போற ரயில்லதான் வரும், ஏறுறதுக்கு முன்னாடி முகப்புல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு ஏறுங்க. கோயிலுக்குள்ள செல்போன், பை எதுவும் விட மாட்டான், வெளிய கிளோக் ரூம்ல வைக்க பெரிய கியூ நிக்கும், அதனால பைய ரூம்லயே விட்டுட்டு போறது எவ்ளவோ மேல். நிஜாமுதீன் ஸ்டேஷன்ல வந்து இறங்குறவங்களுக்கும் (திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஆளுங்களே, உங்களத்தான்) வழி இருக்கு, பக்கத்துல சராய் காலே கான்ல பிங்க் லைன் ஏறி அடுத்த ஸ்டாப் மயூர் விஹார் ஒன்னுல நீல லைன் மாறுனா கரோல் பாக் வரைக்கும் நேரா வந்துரலாம்.

கரோல் பாக்ல குறையே இல்லையான்னா, இருக்கு. நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் கல்யாண சீசன், மாப்பிள்ளை குதிரை மேல ஏறி பேண்டு வாத்தியத்தோட நம்ம ஹோட்டல் வாசல்ல அரை மணி நேரம் நின்னு ஆடுவாரு, நாமளும் ஜன்னல் வழியா (ஜன்னல் இருந்தா!) பாத்து ரசிக்க வேண்டியதுதான். சாப்பாடு அடுத்த தலைவலி. தெருவுக்கு ரெண்டு கடையில சவுத் இண்டியன்னு போர்டு இருக்கும், சாம்பார வாயில வச்சா பாயாசத்துக்கு தம்பி மாதிரி இருக்கும். இட்லி தோசை இல்லாம முடியாதுன்னா கன்னாட் பிளேஸ் (ராஜீவ் சௌக் மெட்ரோ இருக்குற இடம்தான்) போய் சரவண பவன்ல சாப்பிட்டுக்கோங்க, மத்தியான சாப்பாட்டுக்கு அசோகா ரோடு ஆந்திரா பவன் கேண்டீன் பெஸ்ட், பருப்புப் பொடி, கோங்குரா, நெய்னு வயிறு ரொம்ப போடுவாங்க, கூட்டம்தான் ஜாஸ்தி. காலையில மட்டும் ஹோட்டல் பக்கத்துலயே ஆலு பராத்தா தயிரோட முடிச்சுக்கலாம், அது நல்லாவே இருக்கும்.

ஒரு சீரியஸ் விஷயம். 2019 பிப்ரவரியில இதே கரோல் பாக்ல ஒரு ஹோட்டல்ல விடியக்காலையில தீப்பிடிச்சு 17 பேர் செத்துப் போனாங்க, வழிநெடுக மரப்பலகை ஒட்டியிருந்ததால தீ சரசரன்னு பரவுச்சுன்னு அப்ப செய்தியில வந்துச்சு. அதுலேருந்து நான் எந்த ஹோட்டல் போனாலும் பைய வச்சதும் ரூமுக்கு வெளிய வந்து படிக்கட்டு எங்க இருக்குன்னு பாப்பேன், லிஃப்ட் தவிர இன்னொரு வழி இருக்கா, அந்தக் கதவு தொறக்குதா, இல்ல பழைய மெத்தையும் பக்கெட்டும் அடுக்கி வச்சிருக்கானான்னு. அடுக்கி வச்சிருந்தா கீழ மாடியில ரூம் குடுன்னு கேப்பேன். வீட்டுல சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்.

மஹிபால்பூர் ஒரே ஒரு காரணத்துக்குத்தான். ராத்திரி லேட்டா ஃப்ளைட் இறங்குது இல்ல விடியக்காலை ஃப்ளைட் புடிக்கணும், அப்ப ஒரு ராத்திரி அங்க போடுங்க, டெர்மினல் 3க்கு கார்ல பத்து பதினஞ்சு நிமிஷம். காலையில நாலு மணிக்கு மெட்ரோ கிடையாது, கரோல் பாக்லேருந்து அந்த நேரத்துக்கு டாக்ஸி வருமா வராதான்னு ராத்திரி முழுக்க முழிச்சிட்டு கெடக்குறதுக்கு இது பெட்டர். டிக்கெட்ல டெர்மினல் நம்பர் பாத்துக்கோங்க, 2ம் 3ம் பக்கத்துல பக்கத்துல, 1 மட்டும் தனியா தள்ளி இருக்கு. பனி சீசன்ல ஃப்ளைட் எப்ப கிளம்பும்னு கடவுளுக்குத்தான் தெரியும், அப்பவும் இந்த ஏரியா கை குடுக்கும். ஊரு சுத்திப் பாக்க வர்றவங்க இங்க ரூம் போட்டா ஆட்டோவுக்கு அழுதே காசு தீரும், ஏன்னா பக்கத்து மெட்ரோ ஏரோசிட்டி, அதுக்கும் அந்த ஹைவேய தாண்டி ஆட்டோ புடிச்சுத்தான் போகணும். தலைக்கு மேல ப்ளேன் இறங்குற சத்தம் ஃப்ரீ. பகல் ஃப்ளைட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்ல, நியூ டெல்லி ஸ்டேஷன்லேருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோல இருபது நிமிஷம் சொச்சம்தான், நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்.

கன்னாட் பிளேஸ்ல தங்குறது எல்லாருக்கும் ஆசைதான், நம்ம பட்ஜெட்டுக்கு அங்க கெடைக்கிறது ரொம்ப கம்மி. ஜந்தர் மந்தர் பக்கம் ஜெய் சிங் ரோட்டுல ஒய்.எம்.சி.ஏ ஹாஸ்டல் இருக்கு, பழைய காலத்து கட்டடம், மரம் செடின்னு அமைதியான இடம், லாட்ஜ் ரேட்டுக்கு கெடைக்காது ஆனா அந்த லொகேஷனுக்கு தாராளமா குடுக்கலாம்.

எய்ம்ஸுக்கு ட்ரீட்மென்டுக்கு போறவங்க மேல சொன்ன எதையும் பாக்க வேணாம், ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்குங்க. யூசுஃப் சராய், கௌதம் நகர், கிரீன் பார்க் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நிறைய, சமையல் பண்ணிக்கிற மாதிரி ரூமும் விசாரிச்சா கெடைக்கும், பேஷண்டுக்கு கஞ்சி வைக்கணும்னா அது எவ்ளோ பெரிய உதவின்னு போனவங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி சார்புல விஷ்ராம் சதன், தர்மசாலான்னு கம்மி காசுக்கும் இருக்கு, ஓ.பி கார்டு எல்லாம் கேப்பாங்க, இடம் லேசுல கெடைக்காது, முதல் நாளே போய் பேர் குடுத்து வைங்க. சாணக்யபுரியில தமிழ்நாடு இல்லம் இருக்கேன்னு கேப்பீங்க. அங்க மந்திரி, எம்.எல்.ஏ, அதிகாரிங்களுக்குத்தான் முதல் உரிமை, லெட்டர் கிட்டர் இருந்தா முயற்சி பண்ணுங்க, அத நம்பி ட்ரெயின் ஏறாதீங்க. நாலு தமிழ் முகம் பாக்கணும்னா ஆர்.கே.புரம் போங்க, தமிழ்ச் சங்கம் அங்கதான், மலை மந்திர்னு சொல்ற முருகன் கோயிலும் அங்கதான், ஆனா அது கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் ஏரியா, ஹோட்டல் தேடுற இடம் இல்ல.

டிசம்பர் ஜனவரியில போனா ரூம்ல கீசர் ஓடுதான்னு சாவி வாங்குறதுக்கு முன்னாடி தொறந்து கைய வச்சுப் பாருங்க. "ஹாட் வாட்டர் 24 அவர்ஸ்"னு போட்டிருப்பான், கேட்டா காலையில ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும்தான் 24 அவர்ஸ். ரூம் ஹீட்டருக்கு தனியா நாள் வாடகை கேப்பான், அத புக் பண்றப்பவே பேசிருங்க. ரஜாய், அதான் அந்த கனமான பஞ்சு போர்வை, ஆளுக்கு ஒன்னு கேட்டு வாங்குங்க, ரெண்டு பேருக்கு ஒன்னுதான் வச்சிருப்பான், நடு ராத்திரி இழுபறி நடக்கும். ஜனவரி 26 வாரம் போகாம இருக்குறது நல்லது, ரேட்டு ஏறிரும், பாதி ரோட்ட அடைச்சிருவான். நவம்பர் நடுவுல பிரகதி மைதான்ல டிரேட் ஃபேர் நடக்குறப்பவும் ரூம் கெடைக்கிறது கஷ்டம், போதாததுக்கு அந்த மாசம் புகை மூட்டத்துல தொண்டை கரகரன்னு ஆயிரும், ஆஸ்துமா இருக்குறவங்க அந்தப் பக்கம் தலை வச்சே படுக்காதீங்க.

புக்கிங் விஷயத்துல என்னோட வழக்கம், ஒரு ராத்திரிக்கு மட்டும் ஆப்புல போடுறது, புடிச்சிருந்தா மீதி நாளுக்கு ரிசப்ஷன்லயே பேசி நேரடியா வாங்குறது. பெரும்பாலும் கொறச்சுக் குடுப்பான், ஆப்புக்காரன் கமிஷன் அவனுக்கு மிச்சம்ல. 7,500 ரூபாய்க்குள்ள இருக்குற ரூமுக்கு 2025 செப்டம்பர் 22லேருந்து ஜிஎஸ்டி அஞ்சு சதவீதம்தான், இன்னும் யாராச்சும் பன்னெண்டு போட்டா பில்ல நீட்டிக் கேளுங்க. எல்லாருக்கும் ஆதார் கேப்பாங்க, குழந்தைங்களுதும் சேத்து எடுத்துட்டு போங்க. ரிவ்யூ படிக்கிறப்ப அஞ்சு ஸ்டார் "நைஸ் ஸ்டே" எல்லாத்தையும் தள்ளிட்டு ரெண்டு ஸ்டார், மூணு ஸ்டார் குடுத்தவன் என்ன எழுதியிருக்கான்னு மட்டும் படிங்க, பெட்ஷீட் கறை, லிஃப்ட் ரிப்பேர், தண்ணி வரலன்னு உண்மை எல்லாம் அங்கதான் இருக்கும், தேதியும் பாருங்க, போன மாசம் எழுதுனதா பழசான்னு.

செக் இன் நேரத்துலதான் நம்மூர் ஆளுங்க நிறைய மாட்டுறாங்க. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டெல்லியில காலங்காத்தால போய் நிக்கும், ஹோட்டல்ல செக் இன் மத்தியானம் பன்னெண்டு. ரெண்டு ராத்திரி ட்ரெயின்ல வந்த உடம்பு, குளிக்கணும், ரிசப்ஷன் சோபாவுல எவ்ளோ நேரம் உக்காருவீங்க? முன்னாடி நாளே போன் பண்ணி காலையில வர்றோம்னு சொன்னா ரூம் காலியா இருந்தா சும்மாவே குடுத்துருவான், இல்லன்னா அரை வாடகை கேப்பான், குடுத்துட்டு போறது உத்தமம். திரும்பி வர்றப்ப கதை தலைகீழ், ரூம காலையில பதினொன்னுக்கே காலி பண்ணச் சொல்லுவான், ட்ரெயின் ராத்திரிதான். அதுக்கு பெட்டிய எல்லாம் ரிசப்ஷன்லயே விட்டுட்டு போகலாம், காசு கேக்க மாட்டாங்க, பூட்டு மட்டும் உங்களோடத போட்டுட்டு டோக்கன் இல்ல ஒரு சீட்டுல பேர் எழுதி வாங்கிக்கோங்க. ஸ்டேஷன் கிளோக் ரூமும் இருக்கு, அங்க பூட்டு போடாத பைய எடுக்கவே மாட்டான், கட்டப்பை, அட்டைப்பெட்டியெல்லாம் திருப்பி அனுப்பிருவான், அதனால கரோல் பாக்ல வாங்குன பெட்ஷீட் மூட்டைய வைக்க ஹோட்டல்தான் வசதி.